இரட்டை ஆக்சுவேட்டர் ஹார்ட் டிஸ்க்: எம்க்யூ-டெட்லைனில் எப்படிச் சேர்ப்பது?

வணக்கம் நண்பர்களே. லினக்ஸ் கெர்னலின் பிளாக் லேயர் (டிஸ்க்குக்குப் போகும் கோரிக்கைகளைக் கையாளும் பகுதி) தெரிந்தவர்களிடம் ஓர் உதவி. அந்தக் கோரிக்கைகளை எந்த வரிசையில் அனுப்புவது என்று முடிவு செய்யும் ஷெட்யூலர்களில் ஒன்றுதான் எம்க்யூ-டெட்லைன்.

என்னிடம் இருப்பது இரண்டு ஆக்சுவேட்டர் (படிக்கும், எழுதும் தலைகளை நகர்த்தும் கை) உள்ள சாட்டா இணைப்பு டிஸ்க். சாஸ் இணைப்பு வகை இரண்டு லன்னாக, அதாவது இரண்டு தனி டிஸ்க்காகத் தெரியும், அதில் தொல்லை இல்லை. சாட்டாவில் ஒரே டிஸ்க்காகத்தான் தெரியும். முதல் பாதி செக்டர்கள் ஓர் ஆக்சுவேட்டருக்கு, மறுபாதி இன்னொன்றுக்கு. எந்தப் பாதி எங்கே தொடங்குகிறது என்பதைக் கெர்னல் 5.16 முதல் சிஸ்எஃப்எஸ்ஸில் (சாதன விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் /sys) காட்டுகிறது. 6.3-இல் இன்னொரு ஷெட்யூலரான பிஎஃப்க்யூவிலும் இதற்கு ஆதரவு வந்துவிட்டது. நான் ஓட்டும் கெர்னலில் எம்க்யூ-டெட்லைன் மட்டும் இதைக் கண்டுகொள்வதில்லை.

டிஸ்க் ஒரே நேரத்தில் ஏற்கும் கோரிக்கைகளின் வரிசையான என்சிக்யூவில் மொத்தமே 32 இடம். ஒரு பாதிக்கான கோரிக்கைகளே அதை அடைத்துக்கொண்டால் மற்ற ஆக்சுவேட்டர் சும்மா நிற்கிறது. டெட்லைன் செக்டர் வரிசைப்படி அனுப்புவதால் இதற்கு வாய்ப்பு அதிகம். இவ்வளவு நல்ல வன்பொருள் பாதித் திறனில் ஓடுவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது.

ஒவ்வொரு பாதிக்கும் தனி ரெட்-பிளாக் ட்ரீ (கோரிக்கைகளைச் செக்டர்படி அடுக்கி வைக்கும் மர அமைப்பு) வைத்து மாறி மாறி அனுப்புவது சரியா? அல்லது ஒரே ட்ரீயை வைத்துக்கொண்டு, டிஸ்க்குக்குப் போய் இன்னும் முடியாத கோரிக்கைகளைப் பாதிவாரியாக எண்ணி வரம்பு போட்டால் போதுமா? எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது, மாற்றம் சின்னது.

அப்புறம், இரண்டு பாதிகளுக்கும் நடுவே உள்ள எல்லையைத் தாண்டும் கோரிக்கையை என்ன செய்வது? பிஎஃப்க்யூ கடைசி செக்டரைப் பார்த்து முடிவு செய்கிறது. இங்கேயும் அதே போதுமா, அடுத்தடுத்த கோரிக்கைகள் ஒன்றாக மெர்ஜ் ஆகும்போதே தடுக்க வேண்டுமா?

யாராவது பேட்ச் வைத்திருந்தால் அனுப்புங்கள். ஃபியோவில் (டிஸ்க் வேகத்தைச் சோதிக்கும் கருவி) ஓட்டி முடிவுகளை இங்கேயே போடுகிறேன்.