கப்பல் வெடித்த இரண்டாம் நாளே குற்றவாளி

அக்காவைப் பார்க்க வர்ஜீனியா போயிருந்தபோது ஆர்லிங்டன் ராணுவக் கல்லறைக்கும் போனோம். அங்கே வட்டமான நினைவகம் ஒன்றின் மேல் ஒரு கப்பலின் கொடிமரம் நிற்கிறது. 1898 பிப்ரவரி 15 இரவு, அப்போது ஸ்பெயின் ஆண்ட கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் வெடித்து மூழ்கிய 'மேய்ன்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலுடையது. இறந்தவர்கள் சுமார் 260 பேர். சுவரில் இருந்த பெயர்களைப் படித்துக்கொண்டே சுற்றி வந்தேன். பாதிக்கு மேல் முடியவில்லை.

ஊருக்கு வந்த பிறகும் மனசு அதிலேயே இருந்தது. அந்த வாரத்து 'நியூயார்க் ஜர்னல்' பக்கங்களைத் தேடி எடுத்தேன். பிப்ரவரி 17 முதல் பக்கத்தில், கப்பலை அழித்தது எதிரியின் வேலை என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. ஆளைக் காட்டிக்கொடுத்தால் 50,000 டாலர் பரிசு. கப்பலுக்கு அடியில் கண்ணிவெடி, அதிலிருந்து கரைக்கு ஓடும் கம்பி, எல்லாவற்றையும் நேரில் பார்த்தது போல ஒரு படம். கடற்படை விசாரணைக் குழு ஹவானாவில் கூடியதே 21ஆம் தேதிதான்!

கப்பலின் கேப்டன் சிக்ஸ்பீ அன்றிரவே அனுப்பிய தந்தியில், மேலும் தகவல் வரும்வரை மக்கள் எந்த முடிவுக்கும் வர வேண்டாம் என்று கேட்டிருந்தார். தன் ஆட்களைக் கண்ணெதிரே பறிகொடுத்தவர் கேட்ட பொறுமை அது. பேப்பர் முதலாளி ஹேர்ஸ்ட்டிடம் அது இல்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

கியூபாவில் ஸ்பெயின் தளபதி வைலர் அடைத்து வைத்த மக்கள் பட்டினியால் செத்தது உண்மை, அதை எழுதியதில் தப்பில்லை. போருக்குப் பத்திரிகை மட்டுமே காரணம் என்றும் சொல்ல மாட்டேன். விசாரணைக் குழுவும் மார்ச்சில் கண்ணிவெடி என்றுதான் சொன்னது. ஏப்ரலில் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர். மே மாதம் அதே பேப்பர், "ஜர்னலின் போர் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?" என்று முதல் பக்கத்திலேயே வாசகர்களைக் கேட்டது.

அப்புறம் 1976இல் அமெரிக்கக் கடற்படையின் அட்மிரல் ரிக்கோவர் மறுபடி ஆராயச் செய்தார். நிலக்கரி அறையில் பற்றிய தீ, பக்கத்து அறை வெடிமருந்துக்குப் பரவியிருக்கலாம் என்று முடிவு வந்தது. இடையில் 78 வருடம்.

*

அண்ணா, உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு எழுதுகிறேன். வேலையாக ஹவானா போனபோது மலெகோன் கடற்கரைச் சாலையில் இதே கப்பலுக்கு நானும் ஒரு நினைவுச்சின்னம் பார்த்தேன். இரண்டு தூண்கள். மேலே இருந்த கழுகுச் சிலையை 1961இல் இறக்கிவிட்டார்களாம். கியூபாவைப் பிடிக்கும் ஆசையில் ஏகாதிபத்தியப் பேராசை பலிகொடுத்தவர்கள் என்று அதே மாலுமிகளைப் பற்றி அங்கே எழுதியிருக்கிறது. அமெரிக்காவே வெடி வைத்தது போலத்தான் படிக்கும்போது தோன்றியது. அப்படியே நம்பிக்கொண்டுதான் ஊர் திரும்பினேன். நிலக்கரி அறை விஷயமே நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது.