அப்பச்சி நினைவாகச் சிறுவர் தடகளப் போட்டி: 200 மீட்டர் தடம் போட யோசனை வேண்டும்

கேள்வி (கானாடுகாத்தான் மகள்)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் அப்பச்சி (அப்பா) ஓட்டக்காரர். பிறகு காரைக்குடி சுற்று வட்டாரப் பிள்ளைகளுக்குச் சம்பளம் வாங்காமல் ஓட்டமும் நீளம் தாண்டுதலும் சொல்லிக் கொடுத்தார். முதலாண்டு நினைவு நாள் மாசியில் வருகிறது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஒருநாள் போட்டி நடத்த ஆசை. கிடைத்திருக்கும் பள்ளி மைதானம் சுமார் 95 மீட்டர் நீளம், 52 மீட்டர் அகலம், செம்புரை மண். மரமோ மேடையோ குறுக்கே இல்லை.

இதில் சரியான அளவில் தடம் போட முடியுமா? கோடு இழுக்க என்ன வாங்கணும்? அப்பச்சி எழுதிய பயிற்சி நோட்டுகள் பதினாலு இருக்கு. அவற்றையும் அன்றைக்கு வைக்கலாமா? அவர் அளவு விஷயத்தில் கறார். ஏனோதானோவென்று செய்ய மனசு வரவில்லை.

பதில் 1 (சுண்ணாம்புக் கோடு)

தாராளமாகப் போடலாம் ஆச்சி. நாலு ஓடுபாதை உள்ள 200 மீட்டர் தடத்துக்கு 87.56 மீட்டர் நீளமும் 47.56 மீட்டர் அகலமும் போதும். உங்கள் மைதானத்தில் சுற்றிலும் கொஞ்சம் இடமும் மிஞ்சும்.

நேர்பகுதி ஒவ்வொன்றும் 40 மீட்டர். மீதி 120 மீட்டர் இரண்டு அரைவட்டம். 120-ஐ 6.2832-ஆல் வகுத்தால் ஓடும் ஆரம் 19.10 மீட்டர். உள்வரம்பு மேடாகக் கட்டாமல் வெறும் கோடு போடுவதால், பிள்ளை கோட்டுக்கு 20 செ.மீ. வெளியே ஓடுவதாகக் கணக்கு. அந்த 20 செ.மீ. கழித்து, 18.90 மீட்டரில் முதல் கோட்டை இழுக்கணும். அடுத்த கோடுகள் 1.22 மீட்டர் கூட்டி 20.12, 21.34, 22.56, 23.78.

நிறையப் பேர் வழுக்குவது இங்கேதான். புத்தகத்தில் 30 செ.மீ. கழிக்கச் சொல்லியிருக்கும். அது மேடான வரம்பு உள்ள தடத்துக்கு. வெறும் கோட்டுக்கும் அதையே வைத்தால் முதல் பாதைப் பிள்ளை ஒரு சுற்றுக்கு 63 செ.மீ. குறைவாக ஓடும்.

முதலில் மைதானத்தின் நடுவில் 40 மீட்டர் தள்ளி இரண்டு முளை அடிங்க. செம்புரையில் மரமுளை இறங்காது, பிளந்துவிடும். ஓரடி இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடிக்கணும். முந்தின நாள் சாயங்காலம் அந்த இடத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வைத்தால் சுலபமாக இறங்கும். ஒவ்வொரு முளையிலிருந்தும் இரண்டு பக்கமும் செங்கோணத்தில் 18.90 அளந்து குறி வைங்க. செங்கோணத்துக்கு 3, 4, 5 மீட்டர் முக்கோணம் போதும். பிறகு நாலு குறிகளுக்கும் மூலைவிட்டம் அளந்து பாருங்க. இரண்டும் 55.03 மீட்டர் வரணும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் செங்கோணம் சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். வளைவைத் தொடாமல் மறுபடி அளங்க.

வளைவு இழுக்க நைலான் கயிறு கூடவே கூடாது. வெயில் ஏற ஏற, இழுக்கிறவர் கை பலத்துக்கு ஏற்ப நீளும். கட்டுக்கம்பியிலோ எஃகு டேப்பிலோ இழுங்க. முளையைச் சுற்றிக் கட்டாமல் வளையமாகப் போட்டால்தான் கம்பி சுருளாது.

பொடிக்குக் கடைச் சுண்ணாம்பைத் தொடாதீங்க. நீறாத துகள் கலந்திருந்தால் விழுகிற பிள்ளைக்குக் கண்ணும் முழங்காலும் வெந்துபோகும். கோலத்துக்கு விற்கிற வெள்ளைக்கல் மாவு போதும். 5 செ.மீ. அகலம், 2 மி.மீ. கனம் என்றால் மீட்டருக்குச் சுமார் 100 கிராம். ஐந்து கோடும் சேர்ந்து 1070 மீட்டர், 60 மீட்டர் நேர் ஓட்டமும் வைத்தால் அதற்கு ஐந்து கோட்டையும் 20 மீட்டர் நீட்டுவது 100 மீட்டர். 25 கிலோ மூட்டை ஐந்து வாங்குங்க. காலையில் காற்று எழும் முன் இழுத்துவிடணும்.

பதில் 2 (பி.டி. ஆசிரியர்)

மேலே சொன்ன அளவுகள் சரி. தொடக்கக் கோட்டைப் பற்றி நான் சேர்க்கிறேன், ஏனென்றால் தடம் சரியாக இருந்தும் போட்டி கெடுவது அங்கேதான்.

வெளிப்பாதையின் வளைவு நீளம் கூடுவதால், 200 மீட்டருக்கு இரண்டாம் பாதை 7.67, மூன்றாம் பாதை 15.33, நாலாம் பாதை 23 மீட்டர் முன்னால் தொடங்கும். இது வளைவோடு அளக்கும் தூரம். டேப்பை நேராக நீட்டி 23 மீட்டர் வைத்தால் நாலாம் பாதைக்காரனுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் கள்ளச் சலுகை. நேராக அளக்கிறவர்கள், முடிவுக் கோட்டில் அந்தந்தப் பாதையின் உள்கோட்டுக்கு 20 செ.மீ. வெளியே உள்ள புள்ளியிலிருந்து, முன்னால் அதே 20 செ.மீ. வெளியே உள்ள புள்ளி வரை 7.62, 15.01, 22.03 வைக்கலாம். புத்தகத்தில் இரண்டாம் பாதைக்கு 7.04 என்று ஒரு எண் இருக்கும். அதுவும் மேடான வரம்புத் தடத்துக்குரியது.

12 வயதுக்குட்பட்டவர்களுக்கு 60 மீட்டர் நேர் ஓட்டம் வைங்கள். தொடக்கக் கோட்டுக்கு முன்னால் 3, முடிவுக் கோட்டுக்குப் பின்னால் ஓடி நிற்க 17, மொத்தம் 80 மீட்டர். உங்கள் நீளத்துக்குள் அடங்கும். 100 மீட்டரை இந்த மைதானத்தில் கட்டாயம் வைக்காதீர்கள். சுவரில் முட்டி நிற்கிற பிள்ளையைப் பார்க்க யாருக்கும் பொறுக்காது.

நாலு பாதைதான் இருப்பதால் 32 பிள்ளைகள் வந்தால் எட்டுத் தகுதிச் சுற்று. ஒரு சுற்றுக்கு நாலு நிமிடம், 32 நிமிடத்தில் முடியும். எட்டு முதலிடக்காரர்களை இரண்டு அரையிறுதி ஓட விட்டு, ஒவ்வொன்றிலும் முதல் இருவரை இறுதிக்கு எடுங்கள். நேரத்தை வைத்து ஆள் எடுக்க வேண்டாம். கைக்கடிகாரத்தில் ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் ஆள் மாறும், விரல் மாறும். தோற்ற பிள்ளைகள் வெறுங்கையோடு போய்விடாமல் 4 × 200 தொடர் ஓட்டம் ஒன்று வையுங்கள். ஒவ்வொருவரும் ஒரு முழுச் சுற்று ஓடிக் கம்பை மாற்றுவதால் மாற்றும் இடம் ஒன்றே, மேற்பார்வை சுலபம். கம்பு வாங்க வேண்டியதில்லை. 40 எம்.எம். பி.வி.சி. குழாயை 30 செ.மீ. நீளத்தில் அறுத்து, இரண்டு விளிம்பையும் உப்புத்தாளால் வழவழவென்று தேய்த்தால் சுற்றளவு 12.5 செ.மீ.க்கு மேல் வரும், விதிக்குப் பொருந்தும். தேய்க்காத விளிம்பு உள்ளங்கையைக் கிழித்துவிடும்.

நீளம் தாண்டும் குழி 2.75 மீட்டர் அகலம், 8 மீட்டர் நீளம், 30 செ.மீ. ஆழம். 6.6 கனமீட்டர், நம்ம கணக்கில் 233 கன அடி. இரண்டரை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) மணல் சொல்லிவிடுங்கள். எம்-சாண்ட் வேண்டாம். துகள் கூர்மையாக இருக்கும், தண்ணீர் பட்டு இறுகியும் விடும். சிறியவர்களுக்குத் தாண்டும் பலகையைக் குழிக்கு ஒரு மீட்டர் தள்ளிப் பதியுங்கள். இரண்டு மீட்டர் வைத்தால் குட்டையாகத் தாண்டுகிறவன் செம்மண்ணில் விழுவான். காலையில் ஒருமுறை தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு தாண்டலுக்கும் பிறகு மட்டப்படுத்தணும். அதற்கு ஒரு ஆள் தனியாக வேண்டும்.

காலை ஆறரைக்குத் தொடங்கி பத்துக்குள் ஓட்டங்களை முடித்துவிடுங்கள். மாசி வெயில் லேசென்று நினைக்காதீர்கள், செம்மண் சூடு கீழிருந்தும் ஏறும். வீட்டில் முன்னோருக்குப் படைக்கும் படைப்பு வேலையையும் மைதான வேலையையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். வீட்டார் யாருக்கும் மைதானத்தில் நிற்க நேரம் கிடைக்காது. மார்ச்சில் பொதுத்தேர்வு வருவதால் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை உதவிக்குக் கூப்பிட வேண்டாம். உதவிக்குக் காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழக உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கிறவர்களுக்குத் தடம் போடுவது பாடத்திலேயே உண்டு.

பதில் 3 (ஏட்டுச்சுவடி)

நோட்டுகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பதினாலு நோட்டு என்றால் அது பெரிய சொத்து. அன்றைக்கு மூலத்தை வைக்காதீங்க. காற்றும் வியர்வைக் கையும் பட்டால் ஒரே நாளில் ஓரம் உதிரும். நல்ல பக்கங்கள் இருபதைப் பிரதி எடுத்துத் தட்டியில் ஒட்டுங்க.

படம் எடுக்க வளவின் (வீட்டு உள்முற்றத்தைச் சுற்றிய பகுதி) நிழலில், முற்றத்து வெளிச்சம் ஒரு பக்கமாக விழுகிற இடத்தில் நோட்டை வைங்க. ஃபிளாஷ் வேண்டாம். போனை நேர் மேலே பிடித்து ஒரு பக்கத்துக்கு ஒரு படம். துருப்பிடித்த ஸ்டேப்பிளர் பின்னை மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிடுங்க, துரு காகிதத்தைத் தின்னும். சான்றிதழ்களை லேமினேஷன் மட்டும் பண்ணாதீங்க. சூட்டில் ஒட்டியதைத் திரும்பப் பிரிக்க முடியாது. காகிதம் அரிக்கிற ராமபாணப் பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து, காகிதத்தில் படாமல் பெட்டி மூலையில் வைத்தால் போதும்.

நோட்டில் 100 மீட்டருக்கு 11.4 விநாடி என்று இருந்தால் அது கைக்கடிகார நேரம். தட்டியில் அப்படியே குறிப்பிடுங்க. மின்னணு நேரத்தோடு ஒப்பிட 100, 200 மீட்டருக்கு 0.24 விநாடியும், 400-க்கு 0.14-ம் கூட்டுவது வழக்கம். 11.4 என்றால் 11.64. கூட்டாமல் இன்றைய மாவட்டச் சாதனைக்குப் பக்கத்தில் எழுதினால், அளவில் கறாராக இருந்தவருக்கு அது நியாயமில்லை.

கேள்வி கேட்டவர்

எல்லாருக்கும் கோடி நன்றி. கட்டுக்கம்பியும் கல்மாவும் சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். வருஷா வருஷம் நடக்க ஏதாவது ஏற்பாடு செய்யலாமா? இன்னொன்று, அப்பச்சியின் பித்தளை விசில் இருக்கு. அதை ஊதித்தான் ஓட்டத்தைத் தொடங்கணும் என்று தம்பி பிடிவாதம் பிடிக்கிறான்.

பதில் 2 (பி.டி. ஆசிரியர்)

ஒரு லட்சம் வைப்புத்தொகை போட்டு, வட்டி 7 சதவீதம் கிடைத்தால் வருடம் 7000 ரூபாய். கோப்பைக்குச் செலவு செய்யாமல் மணல், டேப், மருந்துப் பெட்டிக்குச் செலவிடுங்கள். அசலைத் தொடக் கூடாது என்று தலைமையாசிரியரிடம் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தலைமையாசிரியர் மாறும்போதுதான் இப்படிப்பட்ட பரிசுகள் நின்றுபோகின்றன.

விசிலால் ஓட்டத்தைத் தொடங்க வேண்டாம். 60 மீட்டர் தள்ளி நிற்கிறவர் காதுக்குச் சத்தம் போய்ச் சேர 0.18 விநாடி ஆகும். அதனால் நேரம் எடுப்பவர் காதை நம்பக் கூடாது, கண்ணால் பார்த்து அழுத்தணும். மேலே தூக்கித் தட்டுகிற மரப்பலகைக் கிளாப்பர் அதற்கு ஏற்றது. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் பிள்ளைகளைக் கோட்டுக்கு அழைப்பதும், எல்லாரும் தயார் என்று முடிவுக் கோட்டுக்குச் சொல்வதும் விசிலின் வேலை. அதைத் தம்பி கையில் கொடுங்கள்.

உள்ளே தக்கை உருண்டை இருந்தால் காய்ந்து ஒட்டியிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, நிழலில் உலர்த்துங்கள். புளி போட்டுத் தேய்ப்பதாக இருந்தால் வெளிப்பக்கம் மட்டும். உள்ளே போனால் தக்கை புளிப்பைக் குடித்து ஊதுகிற ஒலி மாறிவிடும்.