"இஸ்துகினு"ன்னு சொன்னா தமிழ் இல்லியா? மொழி ஏன் இப்படி மாறுது?

வியாசை39:
பையன் நாலாவது படிக்கிறான். ஸ்கூல்ல குடும்பத்தப் பத்தி பேச சொல்லிருக்காங்க, இவன் எழுந்து "எங்க ஆயாதான் என்னிய டெய்லி இஸ்துகினு வரும்"னு ஆரம்பிச்சிருக்கான், கிளாஸே சிரிச்சிருச்சாம். மிஸ்ஸு வேற "அது தமிழே இல்ல, கொச்ச"ன்னு சொல்லிட்டாங்க. இப்ப அந்த ஆயா, அதான் எங்கம்மா, வாயத் தொறந்தா இவன் திருத்துறான். அது பாவம் ரெண்டு நாளா இவன்கிட்ட மட்டும் ரேடியோ நியூஸ் மாதிரி "சாப்பிடுகிறாயா"ன்னு கேட்டுனு கீது, எனக்கு சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரில. என் கேள்வி என்னன்னா, முன்னாடி எல்லாரும் சுத்தமா பேசினு இருந்து அப்பால நாமதான் தப்புத்தப்பா பேசி கெடுத்துட்டமா? இல்ல மொழின்னாலே இப்படித்தானா?

பழைய புரூஃப்ரீடர்:
தம்பி, முப்பது வருஷம் அச்சாபீஸ்ல பிழை திருத்துனவன் சொல்றேன், ஆயா பேசுறது பிழை இல்ல. இழுத்துக்கொண்டுங்கறத வேகமா பத்து தடவ சொல்லிப் பாருங்க. நடுவுல இருக்குற உகரம் முதல்ல விழும், அப்புறம் ழவும் தவும் ஒட்டிக்கும், ழ வடக்குப் பக்கம் யவா மாறும், இழ்த்து, இய்த்து, கடைசில இஸ்து. கழுத்து கய்த்து, எழுத்து எய்த்துன்னு அதே ஏரியால சொல்றாங்கல்ல, அதே வழிதான். தப்புன்னா ஆளுக்கு ஒரு தினுசா இருக்கணும், இங்க எல்லா வார்த்தையும் வரிசையா ஒரே பக்கம் போகுது பாருங்க.

அடுத்தது அந்த "கினு". கொள்ளுன்னா எடுத்துக்கறது. கொண்டுங்கறத வினைக்குப் பின்னாடி ஒட்ட வச்சு வச்சு அதோட சொந்த அர்த்தம் தேஞ்சு போச்சு, அர்த்தம் தேஞ்சா உருவமும் தேயும். மத்தவங்க வாயில அது கிட்டு, உங்க பக்கம் கினு. ரெண்டும் ஒரே கொண்டுதான். ஆனா ஆபீஸ்ல "பேசிகிட்டு இருந்தேன்"னா ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான், "பேசினு இருந்தேன்"னா சிரிப்பான். அவன் சிரிக்கிறது வார்த்தையப் பாத்து இல்ல, அத யார் பேசுறான்னு பாத்து.

குரோம்பேட்டை குமார்:
சார் சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா இப்படியே நியாயம் சொல்லிகிட்டு போனா நாளைக்கு ழன்னு ஒண்ணே இருக்காது. வாயப்பயம்னு சொல்ற பிள்ளைக்கு பரீட்சைல யார் மார்க் போடுவா? இதுல எல்லாத்துக்கும் ஒரு "பண்ணு" வேற, டிரை பண்ணு, வெயிட் பண்ணு, கட் பண்ணு. எரிச்சலா வருது.

பழைய புரூஃப்ரீடர்:
குமார், பரீட்சைக்கு எழுத்துத் தமிழ் கத்துக் குடுங்க, நான் வேணாம்னே சொல்லல. ஆனா ழவ விட்டது வடசென்னை மட்டும் இல்ல, மதுரைப் பக்கம் போனா வாளப்பளம், அதுக்கு யாரும் கொச்சன்னு பட்டம் கட்டல. அப்புறம் அந்த பண்ணுவ நீங்க திட்டுறீங்க, நான் அத வாட்ச்மேன்னு சொல்வேன். எந்த இங்கிலீஷ் வினையும் நேரா உள்ள வந்து நம்ம விகுதிய மாட்டிக்க முடியல, "டிரைத்தேன்"னு யாராவது சொல்றாங்களா? பண்ணேன், பண்ணுவேன்னு இலக்கணம் பூரா தமிழ் கையிலதான் இருக்கு.

இன்னொண்ணு, நீங்க மரியாதையா எழுதுற "அவர்கள்". தொல்காப்பியத்துல கள் விகுதி அஃறிணைக்குத்தான். அவர்னாலே பலபேரு. அத ஒரே ஆளுக்கு மரியாதைக்கு சொல்ல ஆரம்பிச்சதும் பலபேருக்கு வார்த்தை பத்தாம போச்சு, மாட்டுக்கும் மரத்துக்கும் போட்ட கள்ள எடுத்து மேல ஒட்டுனாங்க. குறள்லயே "பூரியர்கள்" வந்துடுச்சு. அப்புறம் அந்த அவர்களும் மரியாதைக்குப் போயி இப்ப பத்திரிகைல "தலைவர் அவர்கள்"னு போடுறோம். நீர்ங்கறதுக்கும் இதே கதிதான், அதுவும் பன்மையா இருந்து மரியாதையாகி, மரியாதை பத்தாம நீங்கள் வந்துச்சு. "வருகிறான்"ல இருக்குற கிறு கூட சங்கப் பாட்டுல அனேகமா கிடையாது. அந்தக் காலத்து புரூஃப்ரீடர் இதையெல்லாம் செவப்பு மையில அடிச்சிருப்பான்.

வளசரவாக்கம் யாழ்ப்பாணத்தான்:
நான் இஞ்ச வந்து இருவது வரியமாச்சு. நாங்கள் இப்பவும் உவன், உதுன்னு சொல்லுவம், அவனுக்கும் இவனுக்கும் நடுவில நிக்கிறவன். அது பழந்தமிழ்ல இருந்தது, நீங்கள் விட்டிட்டியள். ஆனா நான் டிவிய ரீவி எண்டு எழுதினா இஞ்ச எல்லாரும் சிரிக்கினம். பழசைக் காப்பாத்தினவனுக்கும் சிரிப்புத்தான், மாத்தினவனுக்கும் சிரிப்புத்தான்.

துறைமுகம் சேகர்:
எங்க ஏரியா வார்த்தைங்கள விட்டுட்டீங்களே சார். சாவி, ஜன்னல், அலமாரி, ஏலம் எல்லாம் போர்த்துகீசியம், அவனுங்க சாந்தோம்ல 16ஆம் நூற்றாண்டுலயே குடியேறிட்டானுங்க. பேஜாரு, நாஷ்டா, கலீஜு உருதுலேந்து. துட்டுன்னா டச்சுக்காரன் காசு, பழவேற்காட்டுல கோட்டை கட்டி யாவாரம் பண்ணானே அவனோடது. கப்பல்ல சரக்கு எறங்குன ஊர்ல வார்த்தை மட்டும் எறங்காதா? சாவிய திறவுகோல்னு சொல்லி பூட்டுக்கடைல கேட்டுப் பாருங்க.

வியாசை39:
எல்லாருக்கும் நன்றி. பையன ஒக்கார வச்சு கொண்டு, கிட்டு, கினு மூணையும் நோட்ல எழுதிக் காட்டுனேன், அவன் அதுக்குள்ள "கட் பண்ணினு"ன்னு ஒண்ணு கண்டுபுடிச்சிட்டான், குமார் சார் மன்னிக்கணும். அம்மாகிட்ட துட்டு டச்சுக்காரன் காசுன்னு சொன்னேன். "அவனாண்ட இன்னும் எதுனா பாக்கி கீதான்னு கேளு"ன்னுச்சு.