ராக் கச்சேரியில் முன்வரிசை: அனுபவமா, அவஸ்தையா?

கம்பிப்பிடி
"முன்வரிசை என்பது விடலைப் பசங்களின் பைத்தியம். விவரம் தெரிந்தவன் சவுண்ட் டெஸ்க் பக்கத்தில் நிற்பான்" என்று வேறொரு இழையில் ஒருவர் எழுதியிருந்தார். (கூட்டத்துக்கு நடுவே ஒலியைக் கலந்து சரிசெய்யும் மேசைதான் சவுண்ட் டெஸ்க்.) அங்கே பதில் எழுதினால் பேச்சு திசைமாறும், அதனால் தனி இழை.

போன வாரம் ஒரு கச்சேரியில் தடுப்புக்கம்பியைப் பிடித்துக்கொண்டு முழுசாக நின்று பார்த்தேன். பேஸ் கிட்டார் வாசித்தவர் விரல் நுனியில் டேப் சுற்றியிருந்தார், அது பாதிக் கச்சேரியில் பிரிந்து தொங்கியது. மேடைத் தரையில் ஒட்டியிருந்த பாட்டு வரிசைத் தாளில் ஒரு பெயரை மார்க்கரால் அடித்திருந்தார்கள். ஒரு பாட்டின் முடிவில் கிட்டார்காரர் டிரம்மரைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார், அவ்வளவுதான், முடிய வேண்டிய பாட்டு இன்னும் இரண்டு சுற்று ஓடியது. அந்த நேரம் பெரிய திரையில் பாடகர் முகம்தான் தெரிந்தது. பின்னால் நின்றவர்களுக்குப் பாட்டு நீண்டது தெரியும், எப்படி நீண்டது என்பது தெரியாது. எனக்கு ராக் என்றால் இதுதான்.

சவுண்ட்காரன்
அந்த வரியை எழுதியது நான்தான், தம்பி. பைத்தியம் என்றது கொஞ்சம் காரம், ஆனால் விஷயம் சரி.

நீங்கள் பார்த்ததைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள், கேட்டதைப் பற்றி ஒரு வரி இல்லை, கவனித்தீர்களா? பெரிய மேடையில் முக்கிய ஸ்பீக்கர்கள் இரண்டு ஓரத்திலும் உயரத்தில் தொங்கும். அவை கூட்டத்தின் நடுப்பகுதியையும் பின்பகுதியையும் நோக்கித் திருப்பப்பட்டவை. முன்வரிசை நடுவில் நிற்பவன் தலைக்கு மேலேயே அந்தச் சத்தம் போய்விடும். அவனுக்குக் கிடைப்பது மேடைக்கு அடியில் அடுக்கியிருக்கும் சப்வூஃபர் என்ற தாழ்ஒலி ஸ்பீக்கரின் இடி, டிரம்மின் சிம்பல், கிட்டார் ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) அவன் பக்கம் பார்த்திருந்தால் அது. பாடகர் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வரும். இதைச் சரிக்கட்டத்தான் மேடை விளிம்பில் சின்ன ஸ்பீக்கர்கள் வைக்கிறோம். இப்போது பல குழுக்கள் தங்கள் வாசிப்பைத் தாங்களே கேட்கக் காதுக்குள் மானிட்டர் மாட்டிக்கொண்டு, மேடையில் ஆம்பே வைக்காமல் வாசிக்கிறார்கள். அந்தக் கச்சேரிகளில் அந்தச் சின்ன ஸ்பீக்கரும் இல்லையென்றால் முன்வரிசைக்கு டிரம் மட்டும்தான் மிச்சம்.

மிக்ஸ் செய்பவர் நிற்கும் இடத்தில் எப்படிக் கேட்கிறதோ அப்படித்தான் கச்சேரி வடிவமைக்கப்படுகிறது. காசு கொடுத்து வந்தவர் அதைக் கேட்காமல் போவது எனக்குப் புரியவில்லை.

கம்பிப்பிடி
சுத்தமான மிக்ஸ் வேண்டுமென்றால் வீட்டில் ஹெட்போன் இருக்கிறது அண்ணே. அதில் கிடைக்காத ஒன்றுக்காகத்தான் கிளம்பிப் போகிறோம். சின்ன கிளப்பில் கதை வேறு என்பதை விட்டுவிட்டீர்கள். அங்கே ஆம்ப் நேராக முகத்தில் அடிக்கும், ஸ்நேர் டிரம் அடி மைக் வழியாக வராமல் தோலிலிருந்தே வரும். அந்தச் சத்தத்தை எந்த டெஸ்க்கிலும் கேட்க முடியாது.

சவுண்ட்காரன்
கிளப் விஷயத்தில் மறுக்க மாட்டேன். நான் பேசியது பெரிய மேடை.

ரிஃப்_ரசிகை
இரண்டு பேரும் உயரமானவர்கள் போலிருக்கிறது.

என் உயரத்துக்குக் கூட்டத்தின் நடுவில் நின்றால் தெரிவது முன்னால் நிற்பவரின் முதுகு, அதற்கு மேலே அவர் தூக்கிப் பிடித்த மொபைல். மொபைல் திரையில் சின்னதாகக் குழு ஆடும். "சவுண்ட் டெஸ்க் பக்கத்தில் நில்லுங்கள்" என்பது எனக்கு "ரேடியோ கேளுங்கள்" என்று சொல்வது மாதிரி. கம்பியைப் பிடித்தால் முன்னால் யாரும் இல்லை. சாய்ந்துகொள்ள ஏதோ ஒன்று இருக்கிறது. காவலர் கை நீட்டும் தூரத்தில் இருக்கிறார். பின்னாலிருந்து யாராவது தகாத முறையில் தொட்டால் திரும்பிச் சத்தம் போட்டுப் பிடித்துக் கொடுக்கலாம், நடுக்கூட்டத்தில் அது யார் கை என்றே தெரியாது. பெண்கள் பலர் சீக்கிரமே வந்து கம்பியைப் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பின்வரிசைப்பெருமாள்
பார்ப்பது, கேட்பது எல்லாம் இருக்கட்டும். உயிரோடு வீட்டுக்குப் போவதைப் பற்றி யாரும் பேசவில்லையே? 1979 டிசம்பர் 3, அமெரிக்காவின் சின்சினாட்டி நகரம், தி ஹூ என்ற ராக் குழுவின் கச்சேரி. முன்வரிசை பிடிக்கிற வெறியில் 11 பேர் நெரிசலில் செத்தார்கள். இதற்கு மேல் என்ன விவாதம்?

கம்பிப்பிடி
அந்த 11 பேரும் முன்வரிசையில் சாகவில்லை ஐயா. அரங்கத்துக்கு வெளியே, கதவுக்கு முன்னால். கச்சேரி தொடங்கவே இல்லை. இருக்கை எண் இல்லாத டிக்கெட், ஆயிரக்கணக்கானோர் வெளியே, திறந்தது ஒருசில கதவுகள். உள்ளேயிருந்து ஏதோ சத்தம் கேட்டதும் கச்சேரி ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக் கூட்டம் தள்ளியது. குழுவுக்கே வாசித்து முடித்த பிறகுதான் சொன்னார்கள். இதில் ரசிகன் வெறி எங்கே வந்தது? கதவைத் திறக்காதவன் தப்பு.

பின்வரிசைப்பெருமாள்
எண் இல்லாத டிக்கெட் எதற்கு ஆபத்து? முதலில் ஓடுபவனுக்கு முன்வரிசை என்பதால்தானே. அதனால்தான் அந்த ஊரில் அந்த முறையையே தடை செய்தார்கள், 2004 வரை தடை இருந்தது. கதவு ஒரு காரணம், முன்வரிசை ஆசை இன்னொரு காரணம். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க வேண்டாம்.

சரி, அது வாசல். 2000 ஜூன் 30, டென்மார்க்கில் ரோஸ்கில்டே விழா, பேர்ல் ஜாம் என்ற ராக் குழு மேடையில். அது மேடைக்கு முன்னால்தான். மழை பெய்து தரை வழுக்கல், பின்னாலிருந்து அழுத்தம், முன்னால் நின்றவர்கள் விழுந்தார்கள், விழுந்தவர்கள் மேல் மற்றவர்கள். 9 இளைஞர்கள். பாடகர் பாட்டை நிறுத்திவிட்டு எல்லோரையும் பின்னால் நகரச் சொன்னார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. இதற்கு எந்தக் கதவைக் காரணம் சொல்வீர்கள்?

சவுண்ட்காரன்
இங்கே பெருமாள் சொல்வதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். மேடைப் பக்கம் வேலை செய்பவன் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன்.

நெரிசலில் சாவது பெரும்பாலும் மிதிபட்டு அல்ல, மூச்சு விட முடியாமல். மார்பு விரிய இடமில்லாவிட்டால் நின்றபடியே மயங்குவார்கள். ஒரு சதுர மீட்டரில் 4 பேர் என்றால் நெருக்கம்தான், ஆனாலும் அசையலாம். 5, 6 ஆகும்போது உங்கள் நடை உங்கள் கையில் இருக்காது. 7 பேரைத் தொட்டால் கூட்டம் திரவம் போல நடந்துகொள்ளும், அலை அடிக்கும், தனி ஆள் என்று யாரும் இல்லை. இதில் கொடுமை என்னவென்றால், பின்னால் நிற்பவன் அரை அடிதான் நகர்கிறான். அவனுக்கு அது தள்ளுவதாகவே தெரியாது. அந்த அரை அடிகள் எல்லாம் சேர்ந்து கம்பியருகில் நிற்பவரின் விலா எலும்பில் இறங்கும். ஆக, சாவது முன்வரிசை, அழுத்துவது முன்வரிசை அல்ல.

தீர்வும் தெரிந்ததுதான். நல்ல தடுப்பு என்பது வெறும் கம்பி அல்ல. பக்கவாட்டில் பார்த்தால் 'ஏ' எழுத்து வடிவம், முன்பக்கம் ஒரு தகடு நீண்டிருக்கும். ரசிகர்கள் நிற்பதே அந்தத் தகட்டின் மேல்தான். அவர்கள் எடையே தடுப்பைச் சாயவிடாமல் பிடித்துக்கொள்ளும். பெரிய கூட்டத்துக்கு அதைப் போல இரண்டாவது வரிசைத் தடுப்பு ஒன்றைப் பாதித் தூரத்தில் போட்டால், பின்கூட்டத்தின் அழுத்தம் அங்கேயே நின்றுவிடும். முன்பகுதிக்குள் எண்ணித்தான் ஆள் விடுவார்கள். ரோஸ்கில்டேயிலேயே பிறகு அப்படித்தான் மாற்றினார்கள்.

ரிஃப்_ரசிகை
அப்படியென்றால் எண்ணி விடாத கச்சேரியில் முன்னால் நிற்பது சூதாட்டம். போஸ்டரில் குழுவின் பெயர் இருக்கிறது, கதவு திறக்கும் நேரம் இருக்கிறது, இரண்டாவது தடுப்பு இருக்கிறதா என்று எங்கே போட்டிருக்கிறார்கள்?

மெட்டல்மணி
இந்த "எண்ணி ஆள் விடுவது" கடைசியில் எங்கே போய் நின்றது தெரியுமா? அதே இடத்துக்குத் தனிப்பெயர் வைத்து, கூடுதல் விலைக்கு விற்பதில். மெட்டாலிகா என்ற மெட்டல் குழு 90களின் தொடக்கத்தில் மேடைக்கு நடுவிலேயே ரசிகர்கள் நிற்க ஒரு குழி வைத்தார்கள், அற்புதமான யோசனை. இன்று அந்த மாதிரி இடங்களில் யார் நிற்கிறார்கள்? பாட்டு வரி தெரியாமல், முதுகை மேடைக்குக் காட்டிச் செல்ஃபி எடுப்பவர்கள். பாதுகாப்பு என்ற பெயரில் முன்வரிசையைப் பணக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். முன்பெல்லாம் சீக்கிரம் வந்தவனுக்குத்தான் இடம்.

பின்வரிசைப்பெருமாள்
சீக்கிரம் வந்தவன் என்றால் வேலைக்கு லீவு போட முடிந்தவன், தண்ணீர் குடிக்காமல் மணிக்கணக்கில் நிற்க முடிந்தவன். அதுவும் ஒருவகை வசதிதான் மணி. கம்பியருகில் மயங்கி விழுபவர்களில் பலர் அடிபட்டு விழுவதில்லை, பட்டினியும் தாகமும்தான்.

மெட்டல்மணி
ஆசை இருப்பவன் பட்டினி கிடப்பதும் பணம் இருப்பவன் வாங்குவதும் ஒன்றா? போங்கள் ஐயா.

கம்பிப்பிடி
கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதில் குழுவுக்கும் பங்கு உண்டு, அதை யாரும் சொல்லவில்லை. ஃபுகாசி என்ற அமெரிக்கப் பங்க் குழு வாசித்த காலத்தில், மேடைக்கு முன்னால் யாராவது முரட்டுத்தனம் செய்தால் பாட்டை நிறுத்திவிட்டு, அந்த ஆளின் டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்புவது வழக்கமாக இருந்தது. முன்வரிசையில் நிற்பவன் பாடகரின் கண்ணுக்குத் தெரிகிறான், அதுதான் அவனுக்கு இருக்கும் பெரிய பாதுகாப்பு.

சவுண்ட்காரன்
விளக்கு முகத்தில் அடிக்கும்போது மேடையிலிருந்து இரண்டு மூன்று வரிசைக்கு மேல் ஒன்றும் தெரியாது. அதை நம்பி நிற்க வேண்டாம்.

அப்புறம், காது. உலக சுகாதார நிறுவனம் 2022 இல் கச்சேரிகளுக்கு வைத்த வரம்பு, 15 நிமிடச் சராசரி 100 டெசிபெல். சப்வூஃபருக்கு எதிரில் நிற்பவருக்கு அதைத் தாண்டுவது சுலபம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் காது தாங்கும் நேரம் பாதியாகும் என்பது தொழில் பாதுகாப்புக் கணக்கு. இயர்பிளக் போட்டால் ரசிகத்தன்மை குறைந்துவிடாது. மை பிளடி வேலன்டைன் குழுவே தங்கள் கச்சேரி வாசலில் இலவசமாகக் கொடுத்தது.

கம்பிப்பிடி
இயர்பிளக் எப்போதும் சட்டைப்பையில் இருக்கிறது அண்ணே. பஞ்சு மாதிரி அடைப்பவை வேண்டாம், குரலையும் சேர்த்து அமுக்கிவிடும். ஃபில்டர் வைத்த வகையில் எல்லாமே சமமாகக் குறையும்.

ரிஃப்_ரசிகை
புதிதாக முன்னால் நிற்கப் போகிறவர்கள் யாராவது படித்தால்: கையை மார்புக்கு முன்னால், குத்துச்சண்டைக்காரர் மாதிரி மடக்கி வையுங்கள், மூச்சுக்கு இடம் கிடைக்கும். அலை அடிக்கும்போது எதிர்த்துத் தள்ளாதீர்கள், அது அடங்கும் நேரத்தில் குறுக்காக ஓரத்துக்கு நகருங்கள். தாங்கவில்லை என்றால் காவலரைப் பார்த்துக் கையைத் தூக்குங்கள், கம்பிக்கு மேலே இழுத்துவிடுவார்கள். பிடித்த பாட்டு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

நான் எப்போதும் நடுவை விட்டு ஓரத்தில்தான் நிற்பேன்.

சவுண்ட்காரன்
ஓரத்தில் நின்றால் ஒரு பக்கத்து ஸ்பீக்கர் மட்டும்தான் கேட்கும். ஒரு கிட்டார் மொத்தமாகக் காணாமல் போகும்.

ரிஃப்_ரசிகை
எந்தக் கிட்டார் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் எந்த ஓரம் என்று பார்ப்பேன்.