1989 சாவரின்: தண்ணீர் சோதனையில் கணக்கு உதைக்கிறது, போலியா?

ஈஸ்ட்ஹாம்வாசி:
வணக்கம். இங்கே லண்டனில் நடந்த ஒரு நாணயக் கண்காட்சியில் 1989 தங்க சாவரின், அதாவது பிரிட்டிஷ் தங்கக் காசு ஒன்று வாங்கினேன். பெட்டி, சான்றிதழ் எதுவும் இல்லை. தங்க விலைக்கு மேல் நன்றாகவே கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன். வீட்டில் வைத்துப் பார்த்தால் சில விஷயங்கள் உறுத்துகின்றன. ராணியின் பக்கவாட்டு முகம் இல்லை. சிம்மாசனத்தில் நேரே பார்த்து உட்கார்ந்திருக்கிறார். டிராகனைக் குத்தும் குதிரை வீரன் இருக்க வேண்டிய பக்கத்தில் ரோஜாவும் கேடயமும். எடை 7.98 கிராம், அது சரி. ஆனால் தண்ணீர்க் குவளையைத் தராசில் வைத்து, பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டித் தொங்கவிட்டால் 0.52 காட்டுகிறது. 22 காரட்டுக்கு இது ஒத்துவரவில்லையே. திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?

பழையகாசு:
அவசரப்படாதீர்கள். படம் சரியான படம்தான். 1489இல் ஏழாம் ஹென்றி முதல் சாவரினுக்கு ஆணையிட்டார். அதன் 500ஆம் ஆண்டுக்காக, அந்தப் பழைய காசின் சாயலில் பெர்னார்ட் சிண்டால் வடிவமைத்தது இது. சிம்மாசனமும் டியூடர் ரோஜாவும் அங்கிருந்து வந்தவை. ஆண்டும் தனியாக இருக்காது. சுற்றெழுத்தில் 1489-1989 என்று இருக்கிறதா பாருங்கள். 1989 என்று சொல்லி டிராகன் படம் போட்ட காசைக் கொடுத்திருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

எடையை 0.52ஆல் வகுத்தால் அடர்த்தி 15.3 ஆகிறது. 22 காரட் என்றால் 17.5 பக்கம் வர வேண்டும், அதாவது தராசில் 0.45 அல்லது 0.46. காசு அடியில் லேசாகத் தொட்டாலே கணக்கு ஏறிவிடும். பருத்தி நூலின் முடிச்சு, விளிம்பு வரிகளில் ஒட்டும் காற்றுக்குமிழி இரண்டும் கெடுக்கும். மெல்லிய நைலான் இழையில் கட்டி, தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுப் பாருங்கள். முடிந்ததும் துணியால் தேய்க்காதீர்கள், ஒற்றி எடுத்தால் போதும்.

ஈஸ்ட்ஹாம்வாசி:
விளிம்பு வரிகளில் பொடிப்பொடியாகக் குமிழி ஒட்டியிருந்தது! இழை மாற்றி, சோப்புச் சொட்டும் விட்ட பிறகு 0.46இல் அசையாமல் நிற்கிறது. சுற்றெழுத்திலும் 1489-1989 இருக்கிறது. அப்போ அசல்தானே?

வெம்பிளி_அக்கா:
தம்பி, உள்ளே இருக்கும் தங்கம் சரி என்பது வரைக்கும்தான் இது சொல்லும். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இத்தாலியிலும் லெபனானிலும் போலி சாவரின்கள் அடித்தார்கள். பலவற்றில் தங்கம் குறையவே இல்லை. சாவரின் தங்க மதிப்பைவிடக் கூடுதலாக விலை போனதால் அந்த வித்தியாசமே அவர்களுக்கு லாபம். நீங்கள் கூடுதல் பணம் கொடுத்ததும் அந்த வித்தியாசத்துக்குத்தானே, அதைத்தான் தனியாகச் சோதிக்க வேண்டும்.

விட்டம் 22.05 மி.மீ. இருக்கிறதா அளந்து பாருங்கள். பிறகு 10 மடங்கு லென்ஸ். 1989இல் சாவரின் ப்ரூஃபாக, அதாவது சேகரிப்பாளர்களுக்கென்று தனியாகப் பளபளப்பாக அடித்த காசாக மட்டும்தான் வந்தது. ஆகவே வெறும் பகுதி கண்ணாடி மாதிரியும், உருவமும் எழுத்தும் பனி படர்ந்த மாதிரியும் தெரிய வேண்டும். கைபட்டு மங்கியிருந்தாலும் எழுத்துகளின் இடுக்கில் அந்தப் பளபளப்பு மிச்சமிருக்கும். எழுத்து விளிம்புகள் மொழுக்கென்று உருண்டிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

இனி சேர்ப்புக்கா, முதலீட்டுக்கா என்று பிரித்து வாங்குங்கள். முதலீடு என்றால் ஏதாவது ஒரு சாதாரண ஆண்டு சாவரின் போதும். எல்லாவற்றிலும் சுத்தத் தங்கம் அதே 7.32 கிராம்தான். பிரிட்டனில் மூலதன ஆதாய வரியும் கிடையாது. தென்னாப்பிரிக்கத் தங்கக் காசான க்ரூகராண்டுக்கு அந்தச் சலுகை இல்லை. நினைவுக் காசின் கூடுதல் விலையை இன்னொரு சேகரிப்பாளர்தான் திருப்பித் தருவார், அவரும் பெட்டி, சான்றிதழ் எங்கே என்று கேட்பார். சென்னைக்குக் கொண்டுபோய் நகைக்கடையில் கொடுத்தால் எடையும் தரமும் பார்த்துப் பணம் தருவார்கள், ரோஜாவுக்கு ஒன்றும் கிடைக்காது.

ரசீதில் என்ன எழுதியிருக்கிறது?

ஈஸ்ட்ஹாம்வாசி:
"தங்க சாவரின், 1" அவ்வளவுதான். லென்ஸில் பார்த்தேன் அக்கா, எழுத்து கூர்மையாகத்தான் இருக்கிறது. ராணியின் மடிப்பக்கம் மட்டும் கீறல்.

வெம்பிளி_அக்கா:
சரி, நல்ல அறிகுறிதான். முதலில் விற்றவரிடம் "1989, ப்ரூஃப், அசல்" என்று ரசீதில் சேர்த்து எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அப்போதே பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். எழுதிக் கொடுத்தாலும், பி.என்.டி.ஏ. என்ற பிரிட்டிஷ் நாணய வணிகர் சங்கத்தில் உறுப்பினராக இருக்கும் வேறொரு வணிகரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அதுவரை விளிம்பை மட்டும் பிடித்துத் தூக்குங்கள், காசு வைக்கும் சின்ன பிளாஸ்டிக் கேப்சூல் ஒன்று வாங்கி உள்ளே போட்டுவிடுங்கள்.