இடிபாட்டுக் குடில் வைக்கலாமா?

பாளை அண்ணாச்சி:
2023 டிசம்பரில் பெத்லகேம் லூத்தரன் ஆலயத்தில் உடைந்த கான்கிரீட் துண்டுகளைக் குவித்து, நடுவில் பாலன் இயேசுவைக் கிடத்தியிருந்தார்கள். காசா போரினால் அந்த வருடம் அந்த ஊரில் அலங்கார மரமே இல்லை. எங்கள் சபை வாலிபர்கள் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் இந்த அட்வெந்துக்கு அதே மாதிரி கிறிஸ்துமஸ் குடில் வைக்கவேண்டும் என்கிறார்கள். எனக்குச் சம்மதமில்லை. ஆண்டவர் வருகிறார் என்று காத்திருக்கிற நாலு வாரத்தில் ஒப்பாரி எதற்கு? அழத்தான் ஈஸ்டருக்கு முன்னால் லெந்து நாட்கள் இருக்கிறதே.

மெழுகுவர்த்தி:
அண்ணாச்சி, லெந்தில் அழுவது நம் பாவத்துக்காக. இது வேறு அழுகை. மத்தேயு 2ஆம் அதிகாரத்தில் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் பாலனுக்குக் காணிக்கை வைத்துவிட்டுப் போனதும் ஏரோது ராஜா பெத்லகேம் பிள்ளைகளைக் கொல்கிறான், பிள்ளைகளை இழந்த தாயாக ராகேல் அழுகிறாள். நம் கிறிஸ்துமஸ் நாடகத்தில் அந்த இடத்துக்கு முன்பே திரையை இழுத்துவிடுவோம். என் மகன் மூன்று வருடமாகச் சாஸ்திரி வேஷம். ஏரோது முறைத்துவிட்டு உள்ளே போய் கேக் சாப்பிடுவான், அவ்வளவுதான்.

பாளை அண்ணாச்சி:
சிரித்துவிட்டேன். ஆனால் பெத்லகேம்காரர்கள் வைத்தது தங்கள் சனத்தின் துக்கம். நம் பையன்கள் தெர்மாகோலை உடைத்துச் சாம்பல் பெயிண்ட் அடிப்பார்கள், செல்ஃபி எடுப்பார்கள். அது யாருடைய அழுகை?

ஏரல்காரன்:
நம்முடைய அழுகை எங்கே போயிற்று, அண்ணாச்சி? அதே 2023, அதே அட்வெந்து, மூன்றாம் ஞாயிறு, டிசம்பர் 17. மறுநாள் காலைக் கணக்கில் காயல்பட்டினத்தில் மட்டும் 90 செ.மீ.க்கு மேல் மழை. தாமிரபரணி எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு நின்றது. 24ஆம் தேதி ஆராதனையில் ஒருவர் சாட்சி சொன்னார்: தண்ணீரைக் கர்த்தர் தன் வீட்டு நடைப்படியோடு நிறுத்தினாராம். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். பக்கத்தில் என் அம்மா. ஊறிப்போன வேதாகமத்தை ஏடு ஏடாகப் பிரித்துக் கொடியில் போட்டுவிட்டு வந்திருந்தாள். ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?’ என்று 13ஆம் சங்கீதத்தை யாராவது வாசித்திருந்தால் அவளும் வாய் திறந்திருப்பாள்.

பாளை அண்ணாச்சி:
அந்தச் சாட்சி தப்புதான், தம்பி. அன்றைக்கு வீடு வீடாகப் பாடுகிற கேரல் ரவுண்ட்ஸ் வந்தார்களா?

ஏரல்காரன்:
வந்தார்கள். செல்போன் டார்ச் வெளிச்சத்தில் பாடினார்கள். பாதிப் பாட்டில் ஒரு தாத்தா சுவரில் இருந்த தண்ணீர்க் கோட்டைப் பார்த்துவிட்டார். கிட்டே போய் விரலால் தடவினார். பாட்டு நின்றுவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மாதான் விட்ட அடியிலிருந்து ஆரம்பித்தாள்.

பாளை அண்ணாச்சி:
பாட்டு வந்ததால்தானே அந்த அம்மா பாடினார்கள்? நானும் அதைத்தான் சொல்கிறேன்.

மெழுகுவர்த்தி:
பாட்டு நின்றதால் பாடினார்கள் என்று நான் சொல்வேன்.

பாளை அண்ணாச்சி:
குடில் விஷயத்தில் நான் மாறவில்லை. தெர்மாகோல் இடிபாடு வேண்டவே வேண்டாம். வேண்டுமானால் நாலாம் ஞாயிறு 13ஆம் சங்கீதம் வாசிக்கச் சொல்லிக் கமிட்டியில் பேசிப் பார்க்கிறேன்.

மெழுகுவர்த்தி:
வாசியுங்கள். ஆனால் முதல் வசனத்திலிருந்து ‘அவரைப் பாடுவேன்’ என்ற கடைசி வசனத்துக்கு ஒரே தாவாகத் தாவிவிடாதீர்கள்.

பாளை அண்ணாச்சி:
மொத்தமே ஆறு வசனம். அந்தக் கடைசி வசனத்தையும் விட்டுவிடச் சொல்லாதே.