ஐப்பசி மழையில் இன்குபேட்டர்: தெர்மாகோல் பெட்டி வைத்திருப்பவர்களின் அனுபவங்கள்

திருவையாறு பக்கத்திலிருந்து:

மூன்று வருடமாகத் தெர்மாகோல் பெட்டியில் சிறுவிடை நாட்டுக்கோழி முட்டை வைத்துக் குஞ்சு எடுத்து வருகிறேன். மாசியில் 24 முட்டை வைத்தேன், 19 குஞ்சு வந்தது. அதே பெட்டி, அதே கோழிகள், அதே சேவல், ஐப்பசியில் 24 வைத்தேன், 5தான் வந்தது. எங்கே தப்பு நடந்தது என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. டெல்டாவில் பெட்டி வைத்திருக்கிற மற்றவர்களும் எழுதுங்கள். வெளியூர்க்காரர்கள் சொல்கிற கணக்கு நம் ஊர் மழைக்கு ஒத்துவரவில்லை.

முதலில் பெட்டி. நாகப்பட்டினத்திலிருந்து ஐஸ் போட்டு மீன் வருகிற பெட்டிதான். மீன் கடையில் கேட்டு வாங்கி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, கவிச்சி போகும்வரை வெயிலில் காய வைத்தேன். மூடியில் சதுரமாக வெட்டிக் கண்ணாடி ஒட்டினேன். உள்ளே இரண்டு 40 வாட் குண்டு பல்பு. நடுராத்திரியில் ஒன்று ஃபியூஸ் போனாலும் இன்னொன்று காப்பாற்றும் என்பதற்காக இரண்டு. எல்இடி பல்பு இதற்கு வேண்டிய சூட்டைத் தராது. காற்றைச் சுற்றிவிட, பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய 12 வோல்ட் ஃபேன். சூட்டைக் கட்டுப்படுத்த டபிள்யூ 1209 என்கிற சின்ன தெர்மோஸ்டாட் போர்டு. அது கைக்கு வரும்போது, பல்பு அணைவதற்கும் மறுபடி எரிவதற்கும் நடுவில் 2 டிகிரி இடைவெளி வைத்து வரும். அதை 0.2 அல்லது 0.3க்குக் குறைக்காவிட்டால் சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பல்புக்கும் தெர்மாகோலுக்கும் நடுவில் தகரம் கட்டாயம் வேண்டும். முதல் தடவை நான் வைக்காமல் விட்டு, ஒரே இரவில் பக்கச் சுவர் உருகி, கைமுட்டி அளவுக்குக் குழி விழுந்துவிட்டது. தீப்பிடிக்காமல் போனது புண்ணியம்.

ஃபேன் உள்ள பெட்டிக்கு 37.5 டிகிரி. 18ஆம் நாள் வரைக்கும் தினமும் 3 அல்லது 5 தடவை முட்டையைத் திருப்பிவிட வேண்டும். ஒற்றைப்படையாகத் திருப்பினால்தான் நீண்ட இராப்பொழுது தினமும் ஒரே பக்கத்துக்குப் போகாது. இதையெல்லாம் ஐப்பசியிலும் சரியாகத்தான் செய்தேன். கூடவே, வீடியோவில் சொன்னார்களே என்று ஒரு கிண்ணம் தண்ணீரும் முதல் நாளே உள்ளே வைத்தேன்.

குஞ்சு வர வேண்டிய 21ஆம் நாள் ஒன்றும் வரவில்லை. 22ஆம் நாள் ஐந்து வந்தது. 23ஆம் நாள் சாயங்காலம், மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, மீதி முட்டைகளைத் திண்ணையில் வைத்து ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தேன். கூமுட்டை இரண்டுதான். மற்றதெல்லாம் முழுதாக வளர்ந்த குஞ்சு. நகம் இருந்தது, பூஞ்சிறகு இருந்தது, அலகு நுனியில் ஓட்டை உடைப்பதற்கான அந்த வெள்ளைப் பல்லும் இருந்தது. உடம்பு மட்டும் கொழகொழவென்று ஈரமாக, ஓட்டுக்குள் திணித்து வைத்தது போல வீங்கி இருந்தது. ஒன்றைக் கையில் எடுத்தபோது மூக்குத் துளையிலிருந்து நீர் வடிந்தது. முட்டையின் அகன்ற பக்கத்தில் இருக்க வேண்டிய காற்றறை, ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக்கூட இல்லை.

பிறகுதான் விஷயம் விளங்கியது. முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அடைக்காலத்தில் அவற்றின் வழியாக உள்ளே இருக்கும் நீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போக வேண்டும். 18 நாளில் முட்டை எடையில் ஏறத்தாழ 12 சதவீதம் குறைய வேண்டும். குறைந்த இடத்தில்தான் காற்றறை பெரிதாகும். குஞ்சு வெளியே வருவதற்கு முன் அந்த அறைக்குள் அலகை நீட்டித்தான் முதல் மூச்சு எடுக்கிறது. அங்கே இடமில்லை என்றால் ஓட்டுக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். மழைக்காலத்தில் நம் ஊர்க் காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. வெளியே 28 டிகிரியில் 90 சதவீதம் ஈரப்பதம் இருக்கும் காற்றைப் பெட்டிக்குள் இழுத்து 37.5க்குச் சூடாக்கினால், ஒரு சொட்டுத் தண்ணீர் வைக்காமலே உள்ளே 50 சதவீதத்துக்கு மேல் நிற்கிறது. முதல் 18 நாளுக்கு அதுவே தாராளம். பங்குனி வெயிலில் அதே பெட்டி தண்ணீர் இல்லாமல் 40 சதவீதத்தைத் தொடுவதற்கே சிரமப்படுகிறது. அந்த வீடியோக்காரருக்கு எந்த ஊரோ, எந்த மாதமோ!

இப்போது நான் ஈரப்பத மீட்டரைவிடத் தராசைத்தான் அதிகம் நம்புகிறேன். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் எடை எழுதி வைக்கிறேன். 44 கிராம் முட்டை 7ஆம் நாள் 42க்குப் பக்கத்தில், 14ஆம் நாள் 40க்குப் பக்கத்தில், 18ஆம் நாள் 39க்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். குறையாமல் நின்றால் தண்ணீரை எடுத்துவிட்டுப் பெட்டியின் காற்றுத் துளையைத் திறக்கிறேன். வேகமாகக் குறைந்தால் கிண்ணம் வைக்கிறேன். 18ஆம் நாளுக்குப் பிறகு மட்டும், எந்த மாதமானாலும், ஈரப்பதத்தை 65க்கு மேல் ஏற்றிவிடுகிறேன். சென்ற கார்த்திகையில் இப்படி வைத்து 24க்கு 17 வந்தது.

வேதாரண்யத்திலிருந்து:

அண்ணே, ஈரப்பத மீட்டரைச் சோதித்துப் பார்த்தீர்களா? நான் 200 ரூபாய் மீட்டரை ஒரு வருடம் நம்பி ஏமாந்தேன். எங்கள் ஊரில் உப்புக்குப் பஞ்சமில்லை, அதை வைத்தே பார்க்கலாம். ஒரு பாட்டில் மூடியில் உப்பைக் குவித்து, சேறு பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது, ஈரமாக இருந்தால் போதும். அந்த மூடியையும் மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் ஒன்றாக வைத்து மூடி, ஓர் இரவு விடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். என்னுடையது 61 காட்டியது. 14 குறைத்துச் சொல்லும் மீட்டரைப் பார்த்துக்கொண்டு ஒரு வருடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். எத்தனை குஞ்சு போச்சோ, நினைத்தால் வயிறு எரிகிறது.

மன்னார்குடி பக்கத்திலிருந்து:

எங்கள் அப்பாயி (அப்பாவின் அம்மா) அடை வைத்ததை நான் கூடவே இருந்து பார்த்தவள். பழைய கூடையில் ஆற்று மணலைக் கொட்டி, அதற்குள் ஒரு அடுப்புக்கரித் துண்டு, இரண்டு காய்ந்த மிளகாய், ஒரு இரும்பு ஆணி புதைப்பார். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும், அதற்குக் காப்பு என்பார். மேலே வைக்கோல் பரப்பி 11 அல்லது 13 முட்டை. அடைக்கோழி ஒரு நாளைக்கு ஒரு தடவை இறங்கி, இரை தின்று, தண்ணீர் குடித்து, புழுதியில் புரண்டுவிட்டுத் திரும்பிப் போய் உட்காரும். அந்த நேரத்தில் முட்டை ஆறிவிடுமே என்று கேட்டால், "ஆறட்டும், அதுவும் மூச்சு விட வேண்டாமா" என்பார். இன்குபேட்டர் வந்த பிறகு நான் கொஞ்சம் கரண்ட் போனாலும் துடித்துப்போவேன். அப்பாயி சொன்னதை நினைத்துத்தான் இப்போது மனசு நிதானப்படுகிறது.

ஒரு விஷயம் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். நான் பெட்டியில் முட்டை வைக்கும் அன்றே ஒரு அடைக்கோழிக்கும் நான்கைந்து முட்டை வைத்துவிடுவேன். இரண்டும் ஒரே நாளில் பொரிக்கும். பெட்டிக் குஞ்சுகள் காய்ந்து பஞ்சு மாதிரி ஆனதும், இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் தாயின் இறக்கைக்கு அடியில் தள்ளி விடுவேன். விடிந்ததும் அது எல்லாவற்றையும் தன் பிள்ளை என்றே கூட்டிக்கொண்டு கிளம்பிவிடும். போன தடவை மூன்று சொந்தக் குஞ்சோடு 14 பெட்டிக் குஞ்சையும் ஒரே கோழி வளர்த்தது. பகலில் விட்டால் சில கோழிகள் கொத்திவிடும், அதனால் இரவுதான் நல்லது. இரண்டு நாளுக்கு மேல் வயதான குஞ்சு என்றால் அதுவும் தாயிடம் ஒட்டாது. ஒட்டிவிட்டால் பல்புச் செலவு மிச்சம், குஞ்சும் கிளறித் தின்னக் கற்றுக்கொள்ளும்.

பேராவூரணியிலிருந்து:

கரண்ட் பற்றி அக்கா சொன்னதால் எழுதுகிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தபோது என் பெட்டியில் 30 முட்டை, 11ஆம் நாள். முதல் நாள் இரவே கரண்டை நிறுத்திவிட்டார்கள். காற்று ஓய்ந்து வெளியே வந்தால் தோப்பில் தென்னை எல்லாம் படுத்துக் கிடக்கிறது. பாதி மரம் என் அப்பா காலத்தில் வைத்தது. அந்த நேரத்தில் முட்டையைப் பற்றி நினைக்கவே மனசு வரவில்லை. என் மகள்தான் பெட்டியைப் போர்வையால் சுற்றி, வெந்நீர் பாட்டிலைத் துணியில் பொதிந்து உள்ளே வைத்துக்கொண்டே இருந்தாள். விறகு அடுப்பு இருந்ததால் வெந்நீருக்குக் குறைவில்லை.

கம்பங்கள் எல்லாம் சாய்ந்து கிடந்தன, கரண்ட் இப்போதைக்கு வராது என்று தெரிந்துவிட்டது. எங்களிடம் அடையில் இருந்த ஒரே கோழியை வீட்டுக்குள் கூடையில் கவிழ்த்து வைத்திருந்தோம். டார்ச் அடித்துப் பார்த்து, உயிர் துடிப்பாகத் தெரிந்த 11 முட்டையை அதற்கு வைத்தோம். 8 குஞ்சு வந்தது. பெட்டியில் மீதி இருந்த 19ம் போய்விட்டது. சில மணி நேரம் ஆறினால் கரு தாங்கும், நாள் கணக்கில் தாங்காது. அதற்குப் பிறகு பேட்டரி இல்லாமல் நான் முட்டை வைப்பதில்லை. அடைக்கு உட்காருகிற கோழி ஒன்றாவது வீட்டில் இருக்கும்படியும் பார்த்துக்கொள்கிறேன்.

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து:

எங்கள் பக்கம் அறுப்பு முடிந்ததும் வாத்து மேய்க்கிறவர்கள் வயலில் வந்து இறங்குவார்கள். அவர்களிடம் முட்டை வாங்கி வைத்தேன். வாத்துக்கு 28 நாள், கோழி நினைப்பில் 22ஆம் நாள் உடைத்துப் பார்த்துவிடாதீர்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு தினமும் 10, 15 நிமிடம் மூடியைத் திறந்து ஆறவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரைத் தெளித்துத்தான் மூடுவேன். வாத்து முட்டையில் சேறு ஒட்டியிருந்தால் அதை வைக்காதீர்கள். ஒன்று அழுகி உள்ளே வெடித்துவிட்டால் நாற்றம் ஒரு பக்கம், மற்ற முட்டைகளும் கெடும்.

பாபநாசத்திலிருந்து, இரவு 9 மணிக்கு:

அண்ணா, எனக்கு இதுதான் முதல் தடவை. இன்று 21ஆம் நாள். ஒரு முட்டையில் காலை 11 மணிக்கே ஓட்டை விழுந்தது. உள்ளே குஞ்சு கத்துகிறது, அலகு தெரிகிறது. 10 மணி நேரமாக அதே ஓட்டைதான், பெரிதாகவே இல்லை. மற்ற இரண்டு வெளியே வந்துவிட்டன. ஊசியால் கொஞ்சம் உடைத்துவிடட்டுமா? கத்துவதைக் கேட்கவே பாவமாக இருக்கிறது.

திருவையாறு பக்கத்திலிருந்து:

தம்பி, தொடாதீர்கள், மூடியையும் திறக்காதீர்கள். மற்ற இரண்டும் உள்ளேயே இருக்கட்டும். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு அவற்றுக்கு இரண்டு நாள் தாங்கும். ஓட்டை விழுந்ததிலிருந்து வெளியே வர 12 மணி நேரமும் ஆகும், 24 மணி நேரமும் ஆகும். சும்மா இருப்பது போலத் தெரியும், ஆனால் அந்த நேரத்தில்தான் அது மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது, ஓட்டின் உள்சவ்வில் ஓடும் இரத்தமும் உடம்புக்குத் திரும்புகிறது.

நான் முதல் வருடம் இதே போல ஒன்பதாவது மணி நேரத்தில் பொறுக்க மாட்டாமல் உரித்தேன். இரண்டாவது துண்டு ஓட்டை எடுத்ததுமே வெள்ளைச் சவ்வில் நூல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு, அது சொட்டாக ஆனது, என் விரல் நகத்துக்குள் இரத்தம். தொப்புளில் மஞ்சள் கரு பாதி வெளியே தொங்கியது. அந்தக் குஞ்சு என் உள்ளங்கையில் அரை மணி நேரம் இருந்து செத்தது. திறந்த மூடியால் உள்ளே இருந்த ஈரமும் போய், பக்கத்தில் ஓட்டை போட்டிருந்த இன்னும் இரண்டுக்குச் சவ்வு காய்ந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது.

கண்ணாடியில் நீர் முத்து முத்தாகக் கோத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கோத்திருந்தால் ஈரம் போதும், போய்ப் படுங்கள். நாளைக் காலை 11 மணி தாண்டியும் அதே நிலை என்றால் எழுதுங்கள், அப்போது என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். வந்த குஞ்சுகளுக்கு முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும், வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வாருங்கள். 7ஆம் நாள் கண்ணில் விடுகிற வெள்ளைக்கழிச்சல் நோய்த் தடுப்புச் சொட்டு மருந்தைக் கொடுக்க மறக்காதீர்கள். கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம் போகிற வேலை இருந்தால் அங்கும் கேட்கலாம்.

பாபநாசத்திலிருந்து, காலை 6 மணிக்கு:

அண்ணா, கண்ணாடி முழுக்க நீர் கோத்திருந்தது, அதனால் படுத்துவிட்டேன். தூக்கம் வரவில்லை. 4 மணி வாக்கில் சத்தம் மாறியது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஓட்டையிலிருந்து சுற்றிலும் கோடு போட்ட மாதிரி உடைத்துக்கொண்டே வந்திருக்கிறது. 5 மணிக்குத் தொப்பி கழன்றது போல மேல் ஓடு விழுந்தது. இப்போது ஈரத்தோடு ஃபேன் பக்கத்தில் படுத்திருக்கிறது. மற்ற இரண்டும் அதன் மேல் ஏறி மிதிக்கின்றன. இன்னும் ஆறு முட்டையில் ஓட்டை விழுந்திருக்கிறது. மூடியைத் திறக்கவில்லை.